கையிருப்பு நாற்பது கிராம்

எமரன்சியா அக்காவுக்கு விண்வெளி முழுவதையும் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் எனக்கு ஒதுக்கியிருந்தது நான்கு மணி நேரம். அதில் தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம்.

2071-இல் வந்த சட்டம் அப்படி. மக்கள் ஒன்றுசேர்ந்து வாங்கிய செயற்கைக்கோள் எதுவாக இருந்தாலும், அதை ஓட்டும் அறையில் வாங்கியவர்களின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு உடைமைச் சாட்சி என்று பெயர். எஞ்சினை இயக்க இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று சாட்சியிடம். சாட்சிக்கு அடிப்படைக் கலைச்சொற்கள் இருபது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வருடம் பொறியியல் படித்த எனக்கே அதில் பன்னிரண்டுதான் உறுதியாகத் தெரியும். அதைப் பற்றிச் சட்டம் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் அறை தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், சங்கத்தின் ஐஸ் பேக்டரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. வேறு கட்டுப்பாட்டு அறைகளில் குளிரூட்ட இயந்திரம் வைத்திருப்பார்கள். எங்களுக்குத் தரை வழியாகவே குளிர் வரும், கூடவே மீன் வாசனையும். எங்கள் செயற்கைக்கோளின் பெயர் கடற்காகம். மீன் பெட்டி அளவுதான். அது ஆயிரத்து நூற்று நாற்பது படகுகளுக்குப் பொதுச் சொத்து.

அது செய்த வேலையும் சின்னதுதான். ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி உண்டு. அதில் இரண்டு பொத்தான். பச்சையை அழுத்தினால் 'இருக்கிறேன்' என்று அர்த்தம். சிவப்பை அழுத்தினால் 'ஆபத்து'. எதை அழுத்தினாலும் படகு நிற்கும் இடமும் சேர்ந்து போகும். கடற்காகம் நூறு நிமிடத்துக்கு ஒரு தடவை தலைக்கு மேலே வந்து, எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து எங்கள் திரையில் கொட்டும். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. வலைக்கூடத்தில் கணக்கெழுதியவர். கணவர் ரெமிஜியுஸ் விசைப்படகு வைத்திருந்தார். தங்கல் தொழில், போனால் எட்டு நாள் பத்து நாள் கடலில்தான். சாட்சி வேலைக்கு ஆள் கேட்டபோது சங்கத்தில் ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் "உக்காந்துதானே இருக்கணும், நான் உக்காருதேன்" என்றார்.

"சுற்றுப்பாதைன்னா என்ன தம்பி?" என்று முதல் நாள் கேட்டார்.

"விழுந்துக்கிட்டே இருக்கிறதுக்கா. ஆனா பக்கவாட்டுல ரொம்ப வேகமா ஓடுறதால தரை கிடைக்காது. இது விழுற அளவுக்கு பூமியும் வளைஞ்சு கீழ போயிரும்."

"எங்க கொழுந்தன் மாதிரி. இருவது வருசமா விழுந்துக்கிட்டே இருக்கான், இன்னும் தரை தட்டல."

நான் அதைத் தெரிந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன். பூமிக்கு மிக அருகில் வரும் இடம் அண்மைநிலை, மிகத் தள்ளிப்போகும் இடம் சேய்மைநிலை என்றேன். கடற்காகம் தன் சூடு, மின்சாரம், எரிபொருள் எல்லாவற்றையும் தானே அளந்து நமக்கு அனுப்புவது தொலையளவி என்றேன்.

"அது பொய் சொல்லுமா?"

"அது சொல்லாது."

"அப்ப வேற யாரு சொல்லுவா?"

இருபது சொற்களில் இல்லாத பாடம் அங்கேதான் ஆரம்பித்தது.

வானத்தில் அந்த உயரத்தில் நெரிசல். நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிற இரண்டு செயற்கைக்கோள்கள் முட்டிக்கொள்ளும்போல வந்தால் ஒன்று விலக வேண்டும். விலக எரிபொருள் வேண்டும். மேலே போய் யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். ஆகவே ஒரு கோளின் எரிபொருள்தான் அதன் ஆயுள். கடைசியில் அதைப் பத்திரமாகக் கீழே இறக்கி எரிக்க ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அது போக மீதி இருப்பதற்குப் பெயர் கையிருப்பு. கையிருப்பு பத்து கிராமுக்குக் கீழே போனால் இறக்கிவிட வேண்டும்.

"யாரு விலகுறதுன்னு யாரு சொல்லுவா?"

"முன்னாடி கம்ப்யூட்டர் சொல்லிச்சு. ரெண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரும் அவன்தான் விலகணும்னு சொல்லிச்சு. ரெண்டு பெரிய மோதல் ஆச்சு. அதுக்கப்புறம் விண்வெளி ஆணையம், மனுசங்க பேசித் தீர்த்துக்கிடட்டும்னு சட்டம் போட்டுட்டாங்க. ரெண்டு கட்டுப்பாட்டு மேசையும் போன்ல பேசணும். ரெண்டு பேரும் கையிருப்பச் சொல்லணும். யாருகிட்ட அதிகமா இருக்கோ அவங்க விலகணும்."

"நல்ல சட்டம்தானே."

"நல்ல சட்டம்தான். அதனால எல்லாரும் பாதியைத்தான் சொல்லுவாங்க."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"உலகம் பூராவும் அப்படித்தான்க்கா. நூறு கிராம் இருந்தா அம்பதுன்னு சொல்றது. எதிராளியும் பாதி சொல்றான்னு நமக்குத் தெரியும், நாம பாதி சொல்றோம்னு அவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒரே அளவு குறைக்கிறதால யாருகிட்ட அதிகம்ங்கிற முடிவு மாறாது. யாருக்கும் நட்டமில்ல."

"அப்ப முழுசையே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"முழுசைச் சொல்றவன் எப்பவும் விலகிக்கிட்டே இருப்பான். சீக்கிரம் செத்துருவான்."

"யாருக்கும் நட்டமில்லாத பொய்ன்னா எதுக்குடா சொல்லணும்?" என்று அக்கா மறுபடியும் கேட்டார். தேநீர் இடைவேளை வந்துவிட்டதாக நான் அறிவித்தேன்.

*

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆணையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. ஐந்து மணி நேரத்தில் கடற்காகமும் 'மன்னார்-1' என்ற கோளும் எண்பது மீட்டர் இடைவெளியில் கடக்கும். எண்பது மீட்டர் என்பது அந்த வேகத்தில் இடைவெளியே இல்லை.

மன்னார்-1 இலங்கையின் வடக்குக் கரை மீனவர்கள் வாங்கியது. அதுவும் மீன் பெட்டி அளவுதான். அதே கம்பெனியின் அதே கருவி, அதே பச்சை, சிவப்புப் பொத்தான்கள். அதுவரை அதை யாரோ ஒப்பந்தக்காரர்கள் ஓட்டினார்கள். அந்த மாதம்தான் அவர்கள் சங்கமே மேசை போட்டிருந்தது.

அன்று எங்கள் படகுகள் அறுபத்துமூன்று கடலில் இருந்தன. ரெமிஜியுஸின் படகும் அதில் ஒன்று. எங்கள் கையிருப்பு அறுபது கிராம். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் பதினொரு மாதம் ஓடும். அதற்குள் அடுத்த கோள் ஏவப்படும். ஒரு தடவை விலக முப்பத்தைந்து கிராம் செலவாகும்.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். பதிவு விளக்கு எரிந்தது.

"வணக்கம், மன்னார் மேசை. யூட் கதைக்கிறன்." ஐம்பதைத் தொட்ட குரல்.

"வணக்கம் சார். தூத்துக்குடி மேசை, ஆவுடையப்பன்."

"சார் வேண்டாம் தம்பி. நாங்கள் நேற்று வரைக்கும் வலை இழுத்த ஆக்கள். சரி, எப்படிச் செய்யிறது? நான் முதல்ல சொல்லவோ?"

"நான் சொல்றேன். முப்பது கிராம்."

"எங்கட நாப்பது."

நான் மனதுக்குள் இரண்டால் பெருக்கினேன். எண்பது. எங்களுடையது அறுபது. நியாயமாகவே அவர்கள் விலக வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"அப்ப நாங்கள்தான் விலத்த வேணும்" என்றார் யூட். பின்னால் யாரோ ஏதோ கேட்க, அவர் "ஓம், ஓம்" என்றது கேட்டது. "சரி தம்பி. மூண்டு மணிக்கு முதல் விலத்திறம். அதோட எங்கட கதை முடிஞ்சுது. நாளையிண்டைக்கே இறக்க வேண்டியதுதான். வாங்கி ரெண்டு வருசம் கூட ஆகேல்லை. என்ன செய்யிறது, கணக்கு அப்பிடி." போன் வைக்கப்பட்டது.

நான் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். அக்கா என் பேனாவின் மேல் கையை வைத்தார்.

"எண்பதுல முப்பத்தஞ்சு போனா எம்புட்டு?"

"நாப்பத்தஞ்சு."

"நாப்பத்தஞ்சு இருந்தா எதுக்கு இறக்கணும்?"

கல்லூரியில் எனக்குக் கணக்கில் எப்போதும் நல்ல மதிப்பெண்.

"அந்த மனுசன் உள்ளதச் சொல்லிருக்காரு தம்பி. அவருகிட்ட நாப்பதுதான் இருக்கு. விலகினா அஞ்சு. செத்துப்போகும். நம்மகிட்ட அறுபது. நாம விலகினா இருபத்தஞ்சு மிஞ்சும். ரெண்டும் பொழைக்கும்."

"அக்கா, நாம சொன்னது பதிவாயிருச்சு."

"மாத்திச் சொல்லு."

"மாத்திச் சொல்றதுக்குப் படிவத்துல கட்டமே கிடையாது. பொய்க் கையிருப்பு சொன்னோம்னு நம்ம வாயாலேயே ஒத்துக்கிட்டா உரிமம் ரத்து. முப்பது நாள்ல கடற்காகத்த இறக்கணும். என் சான்றிதழும் போகும். புதுக் கோள் வர பதினோரு மாசம். அதுவரைக்கும் நம்ம படகு ஒண்ணுக்கும் கண்ணு கிடையாது. அண்ணன் படகுக்கும்தான்."

அக்கா திரையைப் பார்த்தார். கடைசிச் சுற்றின் பட்டியல் அதில் இருந்தது. அறுபத்துமூன்று பச்சைப் புள்ளிகள். எது யாருடையது என்று பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

"அவங்களுக்கு எத்தனை படகு வெளிய இருக்கும்?"

"தெரியாதுக்கா."

"அங்கயும் ஒருத்தி இப்படி உக்காந்து புள்ளியப் பாத்துக்கிட்டிருப்பா, இல்ல?"

"உலகத்துல எல்லா மேசையும் பாதிதான் சொல்லுது. நாம ஒண்ணும் புதுசா..."

"அவரு சொல்லலையே."

சட்டப்படி சாட்சிக்கும் பேச உரிமை உண்டு. அதுவரை எந்தச் சாட்சியும் அந்த உரிமையைப் பயன்படுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா எழுந்து வந்து மறுபடி அழைக்கும் பொத்தானை அழுத்தினார். நான் தடுத்திருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம், கம்பியைப் பிடுங்கியிருக்கலாம். நான் நிரப்பிய படிவத்தைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"மன்னார் மேசை."

"அய்யா, நான் எமரன்சியா, இங்க உடைமைச் சாட்சி. நாங்க சொன்னது பொய். எங்ககிட்ட அறுபது இருக்கு. நாங்கதான் விலகணும். நீங்க விலகாதீங்க."

"தங்கச்சி, இது றெக்கோட் ஆகுது. தெரியும்தானே?"

"தெரியும்."

"நீங்கள் இப்ப போன் எடுக்கவே இல்லை எண்டு நான் இருக்கிறன். நாங்களும் எழுபத்தொரு பேர் கடலில நிக்க இதைச் செய்யிறம். ஆனா உங்கட ஆக்களைக் குருடாக்கிப்போட்டு எங்களுக்கு என்னத்துக்கு?"

"பதிவாயிருச்சே அய்யா."

"அது ஆயிட்டுது" என்றார் யூட்.

இரண்டு சாவியும் திரும்பின. ஒன்றே முக்கால் மணிக்குக் கடற்காகம் முப்பத்தைந்து கிராம் எரித்து விலகியது. மூன்று மணிக்கு இரண்டு கோள்களும் நான்கு கிலோமீட்டர் இடைவெளியில் கடந்தன. இரண்டுக்குமே ஒன்றும் தெரிந்திருக்காது.

*

ஆணையம் அசாதாரண வேகத்தில் வேலை செய்தது. ஒன்பதாவது நாளே உத்தரவு வந்துவிட்டது. அதில் உண்மையைத் தானாக முன்வந்து கூறியதற்காகச் சாட்சிக்குப் பாராட்டு தெரிவித்து ஒரு பத்தி இருந்தது. அடுத்த பத்தியில் உரிமம் ரத்து.

சங்கக் கூட்டம் ஐஸ் பேக்டரி முற்றத்தில் நடந்தது. ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசினார்கள். செயலாளர் பெர்க்மான்ஸ் கடிதத்தை வாசித்து முடித்ததும் கூட்டம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உண்மை பேசணும்னா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல போய்ப் பேசுறது" என்றார் ஒருவர். "போன்லயா பேசுறது?"

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களில் ஒரு பெண், போன வருடம் கடற்காகத்தின் சிவப்புப் புள்ளியால் மகன் மீட்கப்பட்டவர், எழுந்து வந்து அக்காவின் முன்னால் நின்றார். ஏதோ திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் ரெமிஜியுஸ் அண்ணன் மாடியேறி வந்தார். கடலிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, இவ சொன்னதுல தப்பு இருக்குன்னு நான் சொல்ல வரல. ஆனா ஒரு வார்த்தையில ஆயிரத்து நூத்தி நாப்பது படகு குருடாச்சு."

"படகு எங்க குருடாச்சு?" என்றார் அக்கா. "உங்களுக்கு நீங்க எங்க இருக்கீகன்னு தெரியும்தானே. கரையில இருக்கிறவதான் குருடி."

"அதைத்தான் சொல்லுதேன். நீதான் உன் கண்ணக் குத்திக்கிட்ட."

அந்த நேரத்தில்தான் மன்னாரிலிருந்து போன் வந்தது. பதிவு விளக்கோடு.

"தம்பி, ஒரு விசயம். எங்கட சங்கம் கூடிக் கதைச்சது" என்றார் யூட். "உங்கட கருவியும் எங்கட கருவியும் ஒண்டுதான். நம்பர் லிஸ்ட் தந்தால் எங்கட கோள் உங்கட வள்ளங்களையும் கேக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டியல் அனுப்புவம். புதுசு வரும் மட்டும்."

ரெமிஜியுஸ் அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஆனா இதையும் சொல்ல வேணும். மறைச்சுத் தர விருப்பமில்லை. பொத்தான் அழுத்தினால் இடமும் வரும். எங்கட உரிமத்தில ஒரு விதி இருக்கு. கடல் எல்லைக் கோட்டுக்கு இங்கால வேற நாட்டு வள்ளம் நிண்டால் நாங்கள் எழுதிக் குடுக்க வேணும். எழுதினால் நேவி வரும். உங்கட ஆக்கள் இங்கால வந்து மடிவலை இழுக்கிறதால எங்கட சனத்துக்கு வலை போகுது, தொழில் போகுது. உங்களுக்கும் தெரியும். அதால இந்த விதியை எடுக்கச் சொல்லி நாங்கள் கேக்கவும் மாட்டம்."

"சரிங்கய்யா" என்றேன். "சங்கத்துல சொல்றேன்."

போனை வைத்ததும் ரெமிஜியுஸ் அண்ணன் சிரித்தார். "நல்ல மனுசன். தூண்டில் முள்ளையும் காட்டிட்டே இரை போடுதான்."

"கோட்டுக்கு இந்தப் பக்கமே தொழில் பண்ணினா முள்ளு எங்க குத்தும்?" என்றார் அக்கா.

"இந்தப் பக்கம் என்னடி இருக்கு? கல்லும் பிளாஸ்டிக்கும் இருக்கு."

"அப்ப அழுத்த மாட்டீக."

"நான் எங்க நிக்கேன்னு என் சாமிக்குத் தெரிஞ்சாப் போதும்."

"உங்க சாமி நூறு நிமிசத்துக்கு ஒரு தடவை எனக்கு வந்து சொல்லுமா?"

அண்ணன் எழுந்து படியிறங்கிப் போனார். சங்கம் மறுபடி கூடி, மன்னாரின் உதவியை நன்றியோடு ஏற்பதென்றும், பொத்தானை அழுத்துவது அவரவர் விருப்பம் என்றும் தீர்மானம் போட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. யாரும் அழுத்தப்போவதில்லை என்பதும் ஏறக்குறைய ஒருமனதாகவே இருந்தது.

முப்பதாவது நாள் கடற்காகத்தை இறக்கினோம். இறக்கம் என்பது கலைச்சொற்களில் பதினெட்டாவது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும், அண்மைநிலை காற்றுமண்டலத்துக்குள் வந்துவிடும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். அக்கா தன் சாவியைத் திருப்பிவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பசிபிக் கடலுக்கு மேலே எங்கோ, தொலையளவி கடைசியாகத் தன் உடம்புச் சூட்டைச் சொன்னது. நூற்றுப்பத்து. நூற்று அறுபது. பிறகு வரி வரவில்லை.

"இப்ப எங்க இருக்கு?" என்றார் அக்கா.

"இப்ப இல்லக்கா."

அவர் தலையாட்டினார். சாவியைக் கேட்டு வாங்கி உறையில் போட்டு ஆணையத்துக்கு அனுப்பினேன். என் சான்றிதழை ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். ஆனாலும் சங்கம் என்னை அனுப்பவில்லை. மன்னார் அனுப்புகிற பட்டியலை யாராவது வாசிக்க வேண்டுமே, வாசிக்கச் சான்றிதழ் தேவையில்லை. அக்காவுக்கு இனி அங்கே வேலையே கிடையாது. அவர் தினமும் வந்தார்.

முதல் பட்டியலில் கடலிலிருந்த அறுபத்தொரு படகுகளில் ஒன்பது பச்சை. ஒன்பதும் நாட்டுப்படகுகள். எல்லைக் கோட்டைத் தாண்டுகிற அளவுக்கு எஞ்சின் இல்லாதவை.

*

நவம்பரில், கரையைப் பார்த்து வருவதாகச் சொல்லப்பட்ட ஒரு காற்றழுத்தத் தாழ்வு கடலிலேயே நின்று சுழன்றது. தங்கலுக்குப் போனவர்களில் பாதிப்பேர் முதல் நாளே திரும்பிவிட்டார்கள். முப்பத்தெட்டு படகுகள் திரும்பவில்லை. ரெமிஜியுஸ் அண்ணன் போய் அன்றைக்கு ஆறாவது நாள்.

இரண்டாம் நாள் காலையில் பட்டியல் மாற ஆரம்பித்தது. கருவியை மூட்டையில் கட்டி வைத்திருந்தவர்கள் எடுத்து அழுத்தத் தொடங்கினார்கள். காலை ஏழு மணிச் சுற்றில் பதினான்கு பச்சை, மூன்று சிவப்பு. அடுத்த சுற்றில் இருபத்திரண்டு. நான் ஒவ்வொரு பெயராக மாடியிலிருந்து வாசித்தேன். கீழே மழையில் நின்ற கூட்டத்தில், பெயர் வந்த குடும்பம் மட்டும் கலைந்து போகும். மத்தியானத்துக்குள் முப்பத்தொரு படகுகள் தெரிந்துவிட்டன. எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கம்.

மிச்சம் ஏழு, அதில் ஒன்று ரெமிஜியுஸின் படகு. கீழே நின்ற ஆறு குடும்பங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இந்தக் காற்றிலும் அழுத்தாத படகு ஒன்று அந்தப் பக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீருக்கு மேலேயே இல்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் நிற்கட்டும் என்று வாய்விட்டு வேண்டவும் முடியாது.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஜெபமாலையை ஒரு கையில் வைத்திருந்தார், ஆனால் உருட்டவில்லை.

"அழுத்த மாட்டாவ தம்பி" என்றார். "பிடிவாதம். கட்டுன நாள்லேருந்து அப்படித்தான்."

பிற்பகல் மூன்று இருபதுக்குப் பட்டியல் வந்தது. முப்பத்திரண்டு.

புது வரியை நான் வாசிப்பதற்குள் அக்கா வாசித்துவிட்டார். ரெமிஜியுஸின் படகு. சிவப்பு இல்லை, பச்சை. இடம், கோட்டுக்கு அப்பால் பதினொரு மைல்.

ஆபத்து என்று அழுத்தியிருந்தால் காரணம் புரிந்திருக்கும். பச்சைக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கரையில் ஒருத்தி நூறு நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

மேசையில் ஆணையத்தின் போன் பேசாமல் இருந்தது. என் சட்டைப் பையிலிருந்த கைபேசி அடித்தது.

"தம்பி, யூட். இது என்ர சொந்த போன். இதில றெக்கோட் ஒண்டும் இல்லை. தங்கச்சி நிக்கிறாவோ?"

நான் கைபேசியை அக்காவிடம் கொடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாத்தனீங்களோ?" என்றார் யூட்.

"பாத்தேன்யா."

"உங்கட மனுசன்ர வள்ளம் எண்டு நீங்கள் முந்திச் சொன்ன நம்பர்தானே?"

"ஆமா."

"நான் இன்னும் எழுதேல்லை. அடுத்த சுற்று வரைக்கும் எழுதாமல் இருக்க என்னால ஏலும். அதுக்குள்ள அவர் கோட்டுக்கு அங்கால வந்திட்டால் இந்த வரி ஒருத்தருக்கும் தெரிய வேண்டியதில்லை. எங்கட ஆக்களிட்ட நான் என்னத்தையாவது சொல்லிக்கொள்ளுவன்."

"பதினோரு மைலு" என்றார் அக்கா. "இந்தக் காத்துல."

"ஓம். அதுதான் உங்களிட்டக் கேக்கிறன்."

அக்கா திரையிலிருந்த வரியை விரலால் தொட்டார். எண்கள் மட்டும்தான் அதில் இருந்தன.

"எழுதினா என்ன ஆகும்?"

"நேவி போகும். அவையளுக்கும் இந்தக் காத்துக்க போக விருப்பம் இராது. ஆனா எழுத்தில வந்திட்டால் போகத்தான் வேணும். போய் ஆக்களை ஏத்துவினம். வள்ளம் திரும்பி வராது தங்கச்சி. கோர்ட், சிறை, எல்லாம் இருக்கும். ஆறு மாசமோ ஒரு வருசமோ."

"ஆளு வருமா?"

யூட் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. உள்ளதை மட்டும் சொல்கிறவர், கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"இப்ப எழுதினால் வருவார்."

"எழுதுங்க."

"யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"எழுதுங்கய்யா. நேரம் போகுது."

அவர் எழுதியதை நாங்கள் கேட்டோம். விசைப்பலகையின் சத்தம், படகின் எண், இடம், நேரம். கடைசியில் ஒரு தட்டு, அனுப்பிய தட்டு. "போயிட்டுது" என்றார். அக்கா கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

கீழே ஆறு குடும்பங்கள் அண்ணாந்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் சன்னலுக்குப் போய் ரெமிஜியுஸின் படகு எண்ணை வாசித்தேன். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த எண்ணுக்குரியவர் மேலே உட்கார்ந்திருந்ததால் கீழே யாரும் கலையவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்.

"மிச்சம் ஆறு பேரு தம்பி" என்றார். "அடுத்தது எத்தன மணிக்கு?"

"அஞ்சுக்குக்கா."